பழைய பெட்டி கேஸோடு வெளிநாட்டு வேலைக்குப் போவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயில் கொடையில் கைகலப்பு, கால்பந்து மேட்ச் முடிந்து இரண்டு ஊர்க்காரர்களுக்குள் அடிதடி, டாஸ்மாக் வாசலில் தகராறு, பைக்கில் போகும்போது யார் மீதோ இடித்தது, பணம் வைத்துச் சீட்டாடியது. இப்படி ஏதோ ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி கேஸ், அதாவது சின்ன வழக்கு. "ஒப்புக்கிட்டு பைன் கட்டிரு, சோலி முடிஞ்சுது" என்று வக்கீல் சொன்னார், கட்டியும் ஆயிற்று. இப்போது குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கோ வேலை வந்திருக்கிறது. அந்தக் கேஸ் குறுக்கே வருமா என்ற கவலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொலை முயற்சி, போக்சோ, கஞ்சா கடத்தல் போன்ற பெரிய வழக்குகள் இதில் சேராது. அவற்றுக்கு நேரே வக்கீலிடம்தான் போக வேண்டும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைன் கட்டி முடித்த பழைய சின்னக் கேஸால் பயணம் நின்றுபோவது குறைவு. முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த கேஸ் முடியாமலே கிடப்பதும், படிவத்தில் பொய் எழுதுவதும்தான் ஆட்களை மாட்டிவிடுகின்றன. அதனால் விசா, ஏஜெண்ட், மெடிக்கல் எல்லாவற்றுக்கும் முன்னால் கேஸ் காகிதத்தைக் கையில் வாங்க வேண்டும்.

முதல் வேலை: கேஸ் எப்படி முடிந்தது?

"கேஸ் முடிஞ்சு போச்சு" என்று நாம் சொல்வது பல வகையாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் வேறு வேறு பலன்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பைன் கட்டியிருந்தால் அது தண்டனை. ஐம்பது ரூபாய் கட்டினாலும் தண்டனைதான். "நான் ஜெயிலுக்கே போகலையே" என்பது இங்கே பதில் ஆகாது. பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ரோட்டில் ஹெல்மெட் போடாததற்குப் போலீஸ் எழுதிக் கொடுத்த சலானை அங்கேயே கட்டியது வேறு விஷயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கோர்ட்டுக்குப் போய்ப் பைன் கட்டியது தண்டனைக் கணக்கில் வரும்.

எதிர்த் தரப்பும் நீங்களும் கோர்ட்டில் சமரசம் செய்துகொண்டு வழக்கு முடிந்திருந்தால், சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஸ்டேஷன் வாசலில் வைத்து ஊர்த் தலைவர் பேசி முடித்த சமரசத்தை இதில் சேர்க்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், அந்தப் பேச்சுக்குப் பிறகும் கேஸ் தன் வழியில் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம்.

விசாரணை நடத்திவிட்டு, குற்றம் நடக்கவில்லை என்று போலீஸே கேஸை மூடியிருந்தால், புகார் கொடுத்தவருக்கு ஒரு நோட்டீஸ் போயிருக்கும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். அப்படி மூடிய கேஸில் தண்டனை என்ற பேச்சே இல்லை.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் "இனி சண்டைக்குப் போகமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த 107 கேஸும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு) தண்டனை இல்லை. அது அமைதிக்கான பிணைப் பத்திரம்.

அப்போது உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் நிலைமை இன்னும் நல்லது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. அப்படி யாராவது கிளறினால் 74-ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ கண்காணிப்பிலோ விட்டிருந்தால், அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு உங்களுக்கு இல்லை என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் "குற்றவாளி என்று தீர்ப்பானதா?" என்று வெளிநாட்டுப் படிவம் கேட்டால் பதில் "ஆம்"தான். நம் சட்டத்தின் சலுகை அங்கே தானாகச் செல்லாது.

கடைசி வகை போராட்ட வழக்குகள். நம் மாவட்டத்தில் இவை நிறைய. 2017 டிசம்பரில் ஒக்கி புயலுக்குப் பிறகு குழித்துறையில் நடந்த ரயில் மறியலை மறந்திருக்க மாட்டீர்கள். இதுபோன்ற கூட்டங்களில் எஃப்.ஐ.ஆரில் சிலர் பெயரைப் போட்டுவிட்டு "மற்றும் பலர்" என்று எழுதுவது வழக்கம். பிறகு குற்றப்பத்திரிகையில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே சம்மன் திரும்பிப் போயிருக்கலாம். ரயில் சம்பந்தப்பட்டது என்றால் ரயில்வே போலீஸ் தனி. உள்ளூர் ஸ்டேஷனில் விசாரித்து "ஒண்ணும் இல்ல" என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள்.

காகிதத்தைக் கையில் வாங்குவது

இ-கோர்ட்ஸ் செயலியில் தொடங்குங்கள். தமிழ்நாடு, கன்னியாகுமரி என்று தேர்ந்தெடுத்து, ஸ்டேஷன் பெயரும் குற்ற எண்ணும் வருடமும் கொடுத்துத் தேடலாம். பெயரை மட்டும் போட்டும் தேடலாம். ஒரே பெயரில் நம் ஊரில் எத்தனை செல்வராஜ், எத்தனை மரிய ஜோசப்! அப்பா பெயரையும் முகவரியையும் ஒத்துப் பார்த்த பிறகே அது உங்கள் கேஸ் என்று முடிவு செய்யுங்கள். கணினிக்கு ஏறாத பழைய வழக்குகள் இதில் வராது. தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

எஃப்.ஐ.ஆர். எண்ணே தெரியாதவர்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். உச்ச நீதிமன்றம் 2016-ல் போட்ட உத்தரவுக்குப் பிறகு பதிவான எஃப்.ஐ.ஆர்.கள் பெரும்பாலும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையது என்றால் ஸ்டேஷன் ரைட்டரைப் பார்த்து, ஏறக்குறைய எந்த வருடம், எந்தச் சம்பவம் என்று சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்காக என்று நேராகச் சொன்னாலே போதும், தினமும் கேட்டுப் பழகிய விஷயம்தான் அவர்களுக்கு.

எண் கிடைத்ததும் எந்தக் கோர்ட் என்று தெரிந்துவிடும். நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி இவற்றில் ஒன்றாக இருக்கும். அங்கே நகல் பிரிவில் மனு போட்டுச் சான்றிட்ட தீர்ப்பு நகல் கேளுங்கள். வழக்கு எண்ணுக்கு முன்னால் சி.சி. என்றோ எஸ்.டி.சி. என்றோ இருக்கும், அதை விடாமல் எழுதுங்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்தால் வேலை எளிது. பைன் கட்டிய ரசீது வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பழைய கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கோர்ட் அழித்துவிடுவது உண்டு. அப்படியானால், பதிவு அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுத்தில் ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "கட்டு இல்ல தம்பி" என்று சொன்னதைத் தூதரகத்தில் காட்ட முடியாது.

களியக்காவிளையைத் தாண்டி வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, விழிஞ்ஞம் பக்கம் கேரள போலீஸ் போட்ட பெட்டி கேஸ் இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதையும் இ-கோர்ட்ஸில் கேரளம் என்று மாற்றித் தேடிப் பார்த்துவிடுங்கள். குற்றங்களில் சம்பந்தம் இல்லை என்ற சான்றைக் கேரள போலீஸின் 'துணா' தளத்தில் கேட்கவும் வழி உண்டு.

கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு தமிழில்தான் பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதை மொழிபெயர்ப்பாளர் சான்றோடு செய்துகொள்ளுங்கள். தீர்ப்பில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்து மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து வையுங்கள்.

பிரிவு எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய பிரிவுகளே நிற்கும். ஆபாசமாகத் திட்டியதற்கு 294(பி), அடித்ததற்கு 323, வழிமறித்ததற்கு 341, மிரட்டியதற்கு 506 என்று உங்கள் தீர்ப்பில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

பாஸ்போர்ட்

1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில் 6(2) பிரிவுதான் நமக்கு வேண்டியது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். பைன் கட்டி முடித்த பழைய கேஸ் இதற்குள் வராது. படிவத்திலும் கேள்வி இதே அளவில்தான் இருக்கிறது: கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றீர்களா? 2013-ல் 500 ரூபாய் பைன் கட்டியவர் இதற்கு "இல்லை" என்று எழுதினால் அது பொய் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்டதை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பது. இதில் தவறான பதில் கொடுத்தால் 12-ஆவது பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம், பாஸ்போர்ட்டும் முடக்கப்படலாம். எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டு விசாரணையில் இருப்பது நிலுவை வழக்கு ஆகாது, கோர்ட் அதை விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கடலுக்குப் போனவர்களும் ஒரு கேள்வியைக் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டிலிருந்து நாடு கடத்தப்பட்டோ அவசரச் சான்றிதழில் திரும்பியோ இருக்கிறீர்களா? பஹ்ரைனிலோ ஈரானிலோ எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுத் தூதரகம் வழியாகத் திரும்பியவர்கள் இதை "இல்லை" என்று தள்ளிவிடக் கூடாது.

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. போலீஸ் விசாரணைக்கு வரும்போது தீர்ப்பு நகலின் ஜெராக்ஸை நீங்களே எடுத்துக் கொடுங்கள். எதிரான அறிக்கை போய்விட்டால் மதுரையிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பயந்து அதைக் கிடப்பில் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் கூத்து. தீர்ப்பு நகலோடு பதில் அனுப்பினால் அங்கேயே தீர்ந்துவிடும் விஷயம் இது. அதன் பிறகும் மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் மேலே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது.

கேஸ் முடியவில்லை என்று தெரிய வந்தால்

சின்னக் கேஸ் என்றால் முதலில் அதை முடிக்கப் பாருங்கள். வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்ட் விழுந்திருந்தால், வக்கீலோடு போய் அதை ரத்து செய்யும் மனு போடுவது முதல் வேலை. எதிர்த் தரப்பு சம்மதித்தால், சமரசத்துக்கு இடம் தரும் பிரிவுகளில் சமரசம் செய்யலாம். 323, 341 இவற்றுக்கு அந்த வசதி உண்டு, 294(பி)-க்கு இல்லை. அதனால்தான் "ரெண்டு பேரும் ராசியாயிட்டோம், பிறகும் கேஸ் நிக்குது" என்ற புலம்பலைக் கோர்ட் வராந்தாவில் கேட்கிறோம். அப்படி நிற்கும் கேஸை ரத்து செய்ய மதுரைக் கிளைக்கு மனு போடலாம். சீக்கிரம் முடியட்டும் என்று யோசிக்காமல் ஒப்புக்கொண்டு பைன் கட்டிவிடாதீர்கள். அது தண்டனையாக நிற்கும். ஒப்புக்கொண்ட வழக்கில் மேல்முறையீடு தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் பற்றி மட்டும்தான். போகிற நாடு எது, அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முடிக்கக் காலம் ஆகும் என்றால், வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே வெளிநாடு போக அனுமதி கேட்டு மனு போடலாம். 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிட்ட மத்திய அரசு அறிவிப்பு இதற்கு வழி தருகிறது. ஒன்றை மட்டும் வக்கீலிடம் அழுத்திச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டுக்கு என்று உத்தரவிலேயே குறிப்பிடும்படி கேட்க வேண்டும். காலம் குறிப்பிடாத உத்தரவு என்றால் பாஸ்போர்ட் ஓர் ஆண்டுக்குத்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருட ஒப்பந்த விசா எடுப்பது நடக்காத காரியம்.

பி.சி.சி.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். போகிற நாட்டின் பெயரில் தருவார்கள். "இந்த நாட்டுக்கான விசா முதலிய பயண வசதி பெறத் தகுதியற்றவராக்கும் பாதகமான தகவல் இல்லை" என்ற பொருளில்தான் வாசகம் இருக்கும். எனவே பழைய பைன் கேஸ் இருந்தும் சுத்தமான பி.சி.சி. வரக்கூடும். வந்தால் சந்தோஷம், ஆனால் அதைக் காட்டி "எனக்குக் கேஸே கிடையாது" என்று விசா படிவத்தில் எழுதிவிட வேண்டாம். பி.சி.சி. என்பது போலீஸ் சொல்வது, படிவம் நீங்கள் சொல்வது.

நாட்டுக்கு நாடு

குவைத் வேலைக்கு பி.சி.சி. கேட்கும். சவூதி தூதரகம் இந்தியர்களுக்கு விசாவுக்கு அது வேண்டாம் என்று 2022 நவம்பரில் அறிவித்தது, கம்பெனி தனியாகக் கேட்பது வேறு. அமீரகம் 2018 பிப்ரவரியில் நன்னடத்தைச் சான்று கட்டாயம் என்று கொண்டுவந்து ஏப்ரலிலேயே நிறுத்திவைத்தது. விதி இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் மாதத்து நிலவரத்தைத் தூதரகத் தளத்தில் பாருங்கள். போன முறை போய்வந்த மச்சானின் அனுபவம் போதாது. அங்கேயே பழைய கேஸ் இருந்து கைரேகை வைத்து அனுப்பப்பட்டவர்களுக்கு இங்குள்ள பைன் கேஸைவிட அதுதான் பெரிய தடை.

சிங்கப்பூர், எந்த நாட்டிலாவது கோர்ட் உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததா என்று கேட்கும். அதில் "சின்னது, பெரியது" என்ற பேதம் கிடையாது, பைன் கேஸும் சேரும்.

இங்கிலாந்துக்குப் போகும் நர்ஸ்கள், கடந்த 10 ஆண்டுகளில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குற்றப் பதிவுச் சான்று கொடுக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கிருந்தும் வாங்க வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருந்தால் விசா மறுப்பு நிச்சயம். பைன் போன்றவை அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டவை. ஏமாற்றியதாகக் கண்டுபிடித்தால் 10 ஆண்டுத் தடை. நர்ஸ் பதிவு வாரியமும் தனியாகக் கேட்கும், இரண்டு இடத்திலும் ஒரே பதிலாக இருக்கட்டும்.

கனடாவில் நம்மவர்கள் எதிர்பாராத ஒரு வம்பு இருக்கிறது. நாம் சாதாரணமாக எண்ணும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் அங்கே கடுமையான குற்றம். 2018 டிசம்பர் 18 முதல் அதற்கு அங்கே அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதற்கு முந்தைய ஒற்றைச் சம்பவம் என்றால், தண்டனை முடிந்து 10 ஆண்டு ஆனதும் திருந்தியவராகக் கருத இடம் உண்டு. பொய் சொன்னால் 5 ஆண்டு உள்ளே விடமாட்டார்கள். கைது செய்யப்பட்டீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்றும் அங்கே கேட்பார்கள். எனவே விடுதலையான கேஸையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் படிவமும் கைதைக் கேட்கிறது.

ஆஸ்திரேலியா 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் குணநலச் சோதனையில் தள்ளிவிடும். தவறான தகவலுக்கு அங்கே 3 ஆண்டுத் தடை.

எப்படி எழுதிக் கொடுப்பது

"ஆம்" என்று குறித்துவிட்டு ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கக் கடிதம் வையுங்கள். சம்பவத் தேதி, ஸ்டேஷன், குற்ற எண், பிரிவு, கோர்ட், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, பைன் தொகை, கட்டிய நாள் எல்லாம் தீர்ப்பு நகலில் உள்ளபடியே இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று இரண்டு வரி போதும். "ஊர்த் திருவிழாவில் நண்பர்களுக்கும் இன்னொரு தரப்புக்கும் வாக்குவாதம் ஏற்பட்டுத் தள்ளுமுள்ளு ஆனது, யாருக்கும் பெரிய காயம் இல்லை" என்பதுபோல. அதற்குப் பிறகு வேறு வழக்கு இல்லை என்பது உண்மையானால் அதையும் எழுதுங்கள்.

ஒப்புக்கொண்டு பைன் கட்டிவிட்டு, கடிதத்தில் "பொய்க் கேஸ், போலீஸ் பழிவாங்கிவிட்டது" என்று எழுதாதீர்கள். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தாலும், நாலாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து படிக்கிற அதிகாரிக்கு நீங்கள் தீர்ப்போடு முரண்படுகிறவராகத்தான் தெரிவீர்கள். பாதிரியார் கடிதம், பஞ்சாயத்துத் தலைவர் கடிதம் வைப்பதில் தப்பில்லை, பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம். பழைய முதலாளி தரும் வேலைச் சான்று அதைவிட எடுபடும்.

ஏஜெண்ட் விஷயம்

"அதெல்லாம் எழுதாதே மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்கிற ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, தடை விழுவதும் உங்கள் பெயரில். போலி பி.சி.சி. வாங்கித் தருகிறேன் என்பவன் உங்கள் பழைய 500 ரூபாய் கேஸை ஆவண மோசடி வழக்காக மாற்றுகிறவன். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

விசா மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கேஸ் காரணமா, சம்பளம், படிப்புச் சான்று போன்ற வேறு குறையா என்று அதில் தெரியும். கேஸைச் சொன்னதாலேயே மறுத்துவிட்டார்கள் என்று தானாக முடிவு கட்டி, அடுத்த முறை அதை மறைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் விண்ணப்பம் அவர்கள் கணினியில் இருக்கிறது. வேறு நாட்டுக்குப் போட்டாலும் "முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி வரும், அதற்கும் "ஆம்" எழுதி, மறுப்புக் கடித நகலைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள்.